ஒன்றும் வாங்காத வாடிக்கையாளர்

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் மாமாவும் சுகம். கடையும் சுகம். நீ சுகமா என்பதைத்தான் நாலு நாளாகத் தெரிந்துகொள்ள முடியவில்லை. போன் போட்டால் உன் ஊரே செத்துக் கிடக்கிறது. சரி, கடிதம் எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இன்று காலை உங்கள் ஊர்ப் பேருந்து ஓட்டுநர் தார்ப்பாய் வாங்க வந்தார். வந்தவர் சரக்கைப் பார்க்காமல் கதையை ஆரம்பித்தார். "எங்க ஊர்ல ஒரு மெஷின் அவுத்துக்கிட்டு ஓடிருச்சுங்க. நாற்சந்தி நடுவுல எட்டு பெஞ்சு, ஒண்ணு மேல ஒண்ணு, நூல் புடிச்ச மாதிரி அடுக்கி வச்சிருக்கு. உச்சியில ஒரு போலீஸ்காரர் உக்காந்திருக்காரு."

"அவர் எதுக்கு ஏறினாரு?"

"அவரு எங்கங்க ஏறினாரு? மறிச்சு நின்னாரு, தூக்கி வச்சிருச்சு."

நான் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. "உன் தம்பி வேலை பாக்குற இடத்துலதானே மெஷின் செய்யறாங்க?" என்றார்.

மதியம் உங்கள் ஊர் அதிகாரிகளிடமிருந்து ஓர் ஆள் ஆர்டரோடு வந்தார். தடித்த கயிறு பன்னிரண்டு சுருள், பெரிய தார்ப்பாய் மூன்று, உடனே வேண்டுமாம். எதற்கு என்று கேட்டேன். அரசு ரகசியமாம். எதைக் கட்டப் போகிறோம் என்று சொன்னால்தானே சரியான கயிற்றைத் தர முடியும்?

மறைக்காமல் எழுது. அது உன்னுடையதா? வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

*

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறாயா, அல்லது புட்டியைப் பார்த்தாலே போதும் என்று வைத்திருக்கிறாயா?

ஆமாம், என்னுடையதுதான். நாங்கள் அதை 'அடுக்கான்' என்று கூப்பிடுவோம். கிடங்குகளில் மூட்டையும் பெட்டியும் தூக்கி அடுக்குவதற்காக ஆறு வருடமாகச் செய்தது. ஆறு சக்கரம், இரண்டு நீளக் கை, இரண்டு ஆள் உயரம். பிப்ரவரிக் கடைசியில் ஒரு சோதனையின்போது வெளிவாசலை யாரோ திறந்துவிட்டார்கள். போய்விட்டது.

அதற்குக் கோபம் கிடையாது அக்கா. ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஒழுங்கில்லாமல் கிடப்பதைப் பார்த்தால் அதற்குப் பொறுக்காது, அவ்வளவுதான். பெஞ்சு, தபால் பெட்டி, விளம்பரப் பலகை, போன் கம்பம் என்று எது கிடைத்தாலும் எடுத்து அடுக்கிவிடுகிறது. செல்போன் கோபுரத்தின் பேட்டரிகளில் இரண்டைத் தனக்கு மாட்டிக்கொண்டு மீதியை அடுக்கிவிட்டது. அதனால்தான் உனக்கு லைன் கிடைக்கவில்லை. தூரத்திலிருந்து நிறுத்தலாம் என்றால், அதற்கான பெட்டி முதுகில் துருத்திக்கொண்டு இருந்தது. அதையும் தானே கழற்றி அடுக்கிவிட்டது.

இனி ஒரே வழிதான். முதுகுத் தகட்டின் நாலு போல்ட்டைக் கழற்றி உள்ளே இருக்கும் சுவிட்சை அணைக்க வேண்டும். ஐந்து நிமிடமாவது அது அசையாமல் நிற்க வேண்டும். கிட்டே போனால் ஆளைத் தூக்கி ஓரமாக வைக்கிறது.

மூன்று பேர் கொண்ட குழு போட்டிருக்கிறார்கள். தலைமை அதிகாரி, தீயணைப்பு அதிகாரி, சாலைப் பொறியாளர். மே 31க்குள் பிடிக்க முடியாவிட்டால் கல்குவாரி ஆட்களை வைத்து வெடி வைத்துத் தகர்ப்பது என்று கையெழுத்தாகிவிட்டது. ஆறு வருடம் அக்கா. அதோடு என் வேலையும் போகும்.

மாமாவுக்கு என் வணக்கம்.

தம்பி

*

மார்ச் 17

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். இடுப்பு அதன் வேலையைச் செய்கிறது, நான் என் வேலையைச் செய்கிறேன். அதை விட்டுத் தள்ளு.

கயிற்றை அனுப்பிவிட்டேன். ஆனால் உங்கள் குழுவுக்கு ஒன்று சொல்லிவிடு. குழி தோண்டித் தார்ப்பாயால் மூடப் போகிறார்கள் என்று லாரிக்காரர் உளறிவிட்டார். உங்கள் ரகசியம் லாரி ஏறிய அன்றே எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது. அடுக்கி வைக்கத் தெரிந்த ஒன்று, நடுத்தெருவில் விரித்துக் கிடக்கும் தார்ப்பாயைச் சும்மா விடுமா?

பதினெட்டு வயதில் தள்ளுவண்டியில் வாளி விற்க ஆரம்பித்தவள் நான். வருகிறவர் வாங்குவாரா, வேடிக்கை பார்ப்பாரா என்பது அவர் வாளியைத் தட்டிப் பார்க்கும் விதத்திலேயே எனக்குத் தெரியும். உங்கள் குழுவில் இருப்பவர்கள் அதைத் தூரத்தில் நின்றுகூடப் பார்த்தார்களா? எதைப் பிடிக்கப் போகிறோம் என்று தெரியாமல் வலை விரித்தால் வலைதான் மிச்சம்.

அதனால் உட்கார்ந்து விவரமாக எழுது. எப்படித் தூக்குகிறது? எப்படி வைக்கிறது? வைத்து முடித்ததும் என்ன செய்கிறது? அறிவியலெல்லாம் வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் புறம்பேசுகிற மாதிரி எழுது.

அக்கா

*

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ சொன்னதை நான் குழுவில் சொன்னேன். "கயிறு விக்கிறவங்க கயிறு வித்தா போதும்" என்றார் தலைமை அதிகாரி. மன்னித்துக்கொள்.

குழி தோண்டினார்கள். அடுக்கான் வந்தது. தார்ப்பாயின் நாலு மூலையையும் பார்த்தது. தூக்கி இரண்டாக மடித்தது, நாலாக மடித்தது, எட்டாக மடித்து ஓரத்தில் வைத்தது. பிறகு குழிக்குள் எட்டிப் பார்த்தது. தோண்டிய மண்ணை மூட்டைகளில் கட்டி வைத்திருந்தோம். ஒன்று விடாமல் அத்தனையையும் குழிக்குள் அடுக்கித் தரைமட்டம் ஆக்கிவிட்டுப் போனது. மறு வாரம் உன் கயிற்றில் வலை பின்னி மேலிருந்து போட்டார்கள். தலையில் விழுந்ததை எடுத்துச் சுருட்டி, முனையைச் செருகி, தார்ப்பாய் மேல் வைத்தது. தீயணைப்பு அதிகாரி என் காதில், "நம்ம ஸ்டேஷன்ல குழாயை இவ்வளவு அழகா யாரும் சுத்தினதில்ல" என்றார்.

நீ கேட்ட விவரம் இதோ. தூக்கும்போது இடது பக்கம் சாய்கிறது. பொறியாளர்கள் இதை இடச்சாய்வுப் பிழை என்கிறார்கள். திருத்திப் பார்த்தும் போகவில்லை. அடியில் கனமானது, மேலே லேசானது. காலிப் பெட்டியைக் கையால் தொடாது. சக்கரத்தால் உந்தித் தள்ளும். அடுக்கி முடித்ததும் மூன்று தப்படி பின்னால் போய் நின்று, தலையைச் சாய்த்துப் பார்க்கும். கோணலாக ஒன்று இருந்தால் வந்து ஒரே தட்டு. பிறகு உச்சியில் உள்ளதை இரண்டு முறை தட்டிக் கொடுக்கும். அப்புறம்தான் அடுத்தது.

உன் இடுப்பைக் கவனித்துக்கொள்.

தம்பி

*

ஏப்ரல் 9

தம்பிக்கு,

நலம் விசாரிப்பை இந்தத் தடவை கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

உன் கடிதம் வந்தபோது என் இரண்டு கையிலும் சரக்கு. மாமாவைப் படிக்கச் சொன்னேன். குழியும் வலையும் படித்தபோது இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்புறம் கடைசிப் பத்தியைப் படித்தார். பாதியில் நிறுத்தினார். மறுபடி முதலிலிருந்து படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உன்னைப் பத்தி ஏன் இவ்வளவு எழுதியிருக்கான்?" என்றார்.

அப்போது நான் குளியல் தொட்டிகளை அடுக்கி முடித்து மூன்று தப்படி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். தலை சாய்ந்துதான் இருந்தது. நிமிர்த்திக்கொண்டேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் நீ பதினைந்து நாள் விடுப்பில் வந்தாய். காலை கடை திறப்பதிலிருந்து மாலை கதவை இழுத்துவிடும் வரை குடோனில் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து கேமராவை என் பக்கமே வைத்துக்கொண்டிருந்தாய். எதுக்குடா என்றால், "சும்மா, ஞாபகத்துக்குக்கா" என்றாய். நானும் தினமும் தலையை ஒழுங்காக வாரிக்கொண்டு வந்தேன்.

ஒரே கேள்வி. அந்தப் பதினைந்து நாள் எதற்கு வந்தாய்?

நீ நலமா?

அக்கா

*

ஏப்ரல் 30

அன்புத் தம்பிக்கு,

இங்கே நலம். மூன்று வாரம் ஆகிறது. தபால்காரரைத் தினமும் கேட்கிறேன். இப்போதெல்லாம் அவர் எங்கள் தெருவை எதிர்ப்பக்கமாகக் கடக்கிறார்.

நீ பதில் எழுதாததே பதில். சரி, போகட்டும். உன்னைத் திட்ட வேண்டியது நிறைய இருக்கிறது. அதை நேரில் வைத்துக்கொள்கிறேன். நாளை மே மாதம் பிறக்கிறது. முதலில் உன் மெஷினைக் காப்பாற்றுவோம்.

அது என்னைப் பார்த்துப் பழகியது என்றால், என்னை நிறுத்துவது எதுவோ அதுதான் அதையும் நிறுத்தும். மாமாவைக் கேட்டேன். "உன்னை எதால நிறுத்த முடியும்? இருபத்திரண்டு வருஷமா நானும் பாக்குறேன்" என்றார். அப்புறம் யோசித்துவிட்டு அவரே சொன்னார். கையில் என்ன இருந்தாலும், பாதித் தூக்கில் இருந்தாலும், வாசலில் ஒரு வாடிக்கையாளர் "கடையில யாரு?" என்று குரல் கொடுத்தால் அப்படியே இறக்கி வைத்துவிட்டு ஓடி வருவேன். இரண்டு கையையும் கடை மேசை மேல் ஊன்றிக்கொண்டு நிற்பேன். அவர் போகிற வரைக்கும் நகரமாட்டேன்.

அதெல்லாம் உன் படத்தில் இருக்கிறதா, வெட்டி எறிந்துவிட்டாயா? இருந்தால், ஒரு கடை மேசையைப் போட்டு ஆளை நிறுத்துங்கள். கை இரண்டும் மேசையில் இருக்கும்போது முதுகு உன் பக்கம்.

சட்டைப் பொத்தானெல்லாம் ஒழுங்காக இருக்கிறதா?

அக்கா

*

மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நலம். மனம் இப்போதுதான்.

அடுக்கான் பார்த்துக் கற்பதற்காக உன்னையும் சேர்த்து எட்டுப் பேரைப் படம் பிடித்தோம். மற்றவர்கள் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், பெரிய கிடங்கு ஆட்கள், எல்லாரும் வேலை தெரிந்தவர்கள். அவர்களைப் பார்த்துக் கற்றபோது அடுக்கான் தினமும் ஏதாவது ஒன்றைப் போட்டு உடைத்தது. உன்னைப் பார்த்துக் கற்ற பிறகு இன்றுவரை ஒரு கண்ணாடிக் குவளைகூட உடையவில்லை. மற்ற ஏழு பேரின் படத்தையும் அழித்துவிட்டோம்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வந்த முதல் நாளே என் சட்டைகளுக்கு ஒரு அலமாரித் தட்டைக் காலி செய்து கொடுத்தாய். வருகிற போகிறவரிடமெல்லாம் "தம்பி கடைக்கு வந்துட்டான்" என்றாய். அதற்கப்புறம் எப்படிச் சொல்வது? பதினாறாம் நாள் கிளம்பும்போது நீ அந்தத் தட்டில் மறுபடி சரக்கு வைக்கவில்லை. அதையும் பார்த்தேன்.

வாடிக்கையாளர் வருவதை வெட்டவில்லை. வெட்டச் சொன்னார்கள். மனம் வரவில்லை.

ஆனால் உன் யோசனை பலிக்கவில்லை அக்கா. நேற்று பழைய பேருந்து நிலையத்தில் மேசை போட்டோம். குழுவினர் மூவரும் மேசைக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பெயர்ப்பலகை, பேனா, கோப்பு எல்லாம் வைத்தாயிற்று. தலைமை அதிகாரி "ஏய், இங்க வா" என்றார். வந்தது. பெயர்ப்பலகைகளை அடுக்கியது. கோப்புகளை அடுக்கியது. பிறகு தலைமை அதிகாரியை நாற்காலியோடு தூக்கித் தீயணைப்பு வண்டியின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டது. இறங்கியவர் என்னோடு பேசவில்லை.

இன்று காலை பாலத்தின் கைப்பிடிக் கம்பிகளை எடுக்க ஆரம்பித்திருக்கிறது. குவாரி ஆட்கள் வந்து இடம் பார்த்துவிட்டுப் போனார்கள். உன் இடுப்பு?

தம்பி

*

மே 11

அன்புத் தம்பிக்கு,

நலம், நலம். மாமா வயிறு மட்டும் சிரித்துச் சிரித்து வலிக்கிறது என்கிறார்.

உங்கள் ஆட்கள் மேசைக்கு உள்பக்கம் போய் ஏன் உட்கார்ந்தார்கள்? அது என் இடம்! கடையில் ஏற்கெனவே மூன்று பேர் உட்கார்ந்திருந்தால் நான் எதற்கு வர வேண்டும்? 'சரி, கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது' என்று குடோனுக்குத்தான் போவேன். உன் மெஷினும் அதைத்தான் செய்தது. வாழ்நாள் முழுக்க மேசைக்கு அந்தப் பக்கமே இருந்தவர்களுக்கு இந்தப் பக்கம் ஒன்று இருப்பதே மறந்துவிட்டது போல.

வெளியே நிற்கச் சொல். நாற்காலி கிடையாது. குரல் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். உள்ளே சரக்கு இருக்க வேண்டும். வாளி, தொட்டி, மக், கயிறு எல்லாம் மாமா வண்டியில் வருகிறது. தட்டில் கலைத்து வையுங்கள்.

இன்னொன்று, முக்கியமானது. வாங்குகிறவர் வேண்டாம். எடுத்தோம் கவிழ்த்தோம் என்று வாங்கிக்கொண்டு போகிறவர் என்னை அரை நிமிடம்தான் நிறுத்துவார். ஒன்றும் வாங்காமல் "அதைக் காட்டுங்க, இதைக் காட்டுங்க" என்று தலையை ஆட்டிக்கொண்டே நிற்கிறவர்தான் ஒரு மணி நேரம் கட்டிப்போடுவார். அப்படிப்பட்ட ஆள் எங்கே கிடைப்பார் என்று முதலில் கவலைப்பட்டேன். அப்புறம்தான் உங்களிடம் மூன்று அதிகாரிகள் இருக்கிறார்களே என்று ஞாபகம் வந்தது.

இந்த மெஷின் யாருடைய இடுப்புக்காகச் செய்தது என்று நான் கேட்கப் போவதில்லை. நீயும் சொல்ல வேண்டாம்.

அக்கா

*

மே 18

அனுப்புநர்: தலைவர், இயந்திரப் பிடிப்புக் குழு
பெறுநர்: வீட்டுச் சாமான் மொத்த வியாபாரி அம்மையார் அவர்கள்
பொருள்: இயந்திரம் – பிடித்தல் – வாடிக்கையாளராக நிற்றல் – விளக்கம் கோருதல்

அம்மையீர்,

தங்கள் நலம் விசாரிப்பது இக்கடிதத்தின் நோக்கமல்ல எனினும், விசாரிக்கப்படுகிறது.

தங்கள் சகோதரர் வழியாக வந்த ஆலோசனையைக் குழு இரண்டு அமர்வுகளில் பரிசீலித்தது. கீழ்க்காணும் ஐயங்கள் எழுந்துள்ளன. வாடிக்கையாளர் நின்றுதான் ஆக வேண்டுமா? பதவிக்கேற்ப இருக்கை அனுமதிக்கப்படுமா? தலையாட்டுதல் எத்தனை முறை, எவ்வளவு கால இடைவெளியில் நிகழ வேண்டும்? பொருளை வேண்டாம் எனச் சொல்வதற்குத் தகுந்த காரணம் காட்டப்பட வேண்டுமா?

மேலும், தலைவரை வாகனத்தின் மேல் வைத்த நிகழ்வு தங்கள் பழக்கவழக்கத்தில் உள்ளதா என்பதையும் தெரிவிக்கலாம்.

தங்கள் உண்மையுள்ள,
தலைவர்

*

மே 21

மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நான் நலம். தாங்களும் வண்டியிலிருந்து இறங்கியபின் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இருக்கை கிடையாது ஐயா. உட்கார்ந்து சாமான் வாங்குகிற ஆளை எங்கள் கடையில் பார்த்ததில்லை. தலையாட்டுவதற்குக் கணக்கில்லை. உங்களிடம் ஒரு மனு வந்தால் எப்படி ஆட்டுவீர்களோ அப்படி ஆட்டினால் போதும். காரணம் சொல்ல வேண்டியதே இல்லை. சொன்னால் உங்கள் விருப்பம். "நிறம் சரியில்லை", "போன வருஷத்துச் சரக்கு இன்னும் கெட்டி" இந்த இரண்டும் போதும். இருபத்து நாலு வருடமாக என் வாடிக்கையாளர்கள் இதற்கு மேல் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

கடைசிக் கேள்விக்கு: நான் ஆளை எங்கும் தூக்கி வைத்ததில்லை. வழியில் நாற்காலி கிடந்தால் எடுத்து வைப்பேன். அதில் ஆள் இருப்பதை அது கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஒரு வேண்டுகோள். குரல் கொடுக்கும்போது அதிகாரமாகக் கூப்பிடாதீர்கள். வேலை ஆக வேண்டியவர் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிடுங்கள்.

என் தம்பி கெட்டிக்காரன். அவனுக்கு ஐந்து நிமிடம் வாங்கிக் கொடுங்கள்.

பணிவுடன்,
வீட்டுச் சாமான் வியாபாரி

*

மே 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மிகவும் நலம். சாமான் கொண்டுவந்த மாமா இருந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார். அவர் சொல்வதில் பாதியை நம்பாதே. நான் சொல்வதை முழுக்க நம்பு.

காலை பத்து மணி. பேருந்து நிலையத்தில் நீ சொன்னபடி கடை. அடுக்கான் பக்கத்துத் தெருவில் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் குவாரி ஆட்கள் வெடிப்பெட்டியோடு. பாலத்தில் கை வைத்ததிலிருந்து கெடுவை முன்னுக்கு இழுத்துவிட்டார்கள்; மாலைக்குள் முடியவில்லை என்றால் நாளையே அவர்கள் வேலை. தலைமை அதிகாரி மேசைக்கு வெளியே நின்று, மிக மெதுவாக, "கடையில... யாரு?" என்றார்.

தீயணைப்பு அதிகாரி, "சார், இன்னும் கொஞ்சம் இறங்கி வாங்க. உங்க ஆபீஸ் வராந்தாவுல நிக்கிறவங்க எப்படி கேப்பாங்க?" என்றார்.

தலைமை அதிகாரி இரண்டு கையையும் கட்டிக்கொண்டார். பிறகு வேறு ஒரு குரலில், "ஐயா, கடையில யாராவது இருக்கீங்களா?" என்றார்.

செங்கல் சத்தம் நின்றது. அடுக்கான் கையில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு வந்தது அக்கா. மேசைக்குப் பின்னால் வந்து இரண்டு கையையும் ஊன்றி நின்றது. என் கண்ணுக்கு அங்கே நீ நின்றாய்.

அவர் சிவப்பு வாளியைச் சுட்டினார். எடுத்து வைத்தது. தலையாட்டினார். நீல வாளி. தலையாட்டினார். பொறியாளர் பழக்க தோஷத்தில், "ஒப்பிட்டுப் பாக்க மூணாவது ஒண்ணு வேணும்" என்றார். நான் பின்னால் ஊர்ந்துபோய் முதல் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தேன். மெல்ல மெல்ல தலைமை அதிகாரிக்கு ருசி வந்துவிட்டது. வாளிக்குள் முகத்தை விட்டுப் பார்த்தார். விரலால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். "போன வருஷம் வந்தது இன்னும் கெட்டி" என்றார். மூவரும் மாறி மாறி நின்று இருபத்தாறு சாமானை வேண்டாம் என்றார்கள். உண்மையான திறமை.

மூன்று போல்ட் வந்துவிட்டது. நாலாவது துருவேறி இறுகிக் கிடந்தது. நான் தொங்கிப் பார்த்தேன், அசையவில்லை. தட்டில் ஒரு சாமான்தான் மிச்சம், ஒரு மஞ்சள் மக். தலைமை அதிகாரி நின்று நின்று காலை மாற்றி மாற்றி வைத்தார். இனி முடியாது என்று தலையை ஆட்டிவிட்டு, கெஞ்சுவதுபோல் என்னைப் பார்த்தார். மக்கைக் கேட்காமலே மூவரும் மேசையை விட்டு நகர்ந்தார்கள். அடுக்கானின் கைகள் மேசையிலிருந்து எழுந்தன.

ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஓடி முன்பக்கம் வந்தேன். மேசைக்கு முன்னால் நின்றேன். உன் கடையில் நான் ஒருநாளும் அந்தப் பக்கம் நின்றதில்லை. உன்னிடம் ஒரு சாமானும் வாங்கியதில்லை. மஞ்சள் மக்கைக் காட்டினேன். எடுத்து என் முன்னால் வைத்தது. நான் 'சரி' என்று தலையசைத்து அதைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். அந்தப் பதினைந்து நாள் படத்தையும் நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒரு வியாபாரம் முடிந்து வாங்கியவர் திரும்பி நடந்ததும் நீ உட்காருவாய். மூட்டை, கவிழ்த்த வாளி, படிக்கட்டு, எது பக்கத்தில் இருந்தாலும் அதன் மேல். ஒரு மூச்சு நேரம்தான். மற்றபடி நாள் முழுக்க நீ உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

நான் மக்கோடு திரும்பி நடந்தேன். பின்னால் உஸ்ஸென்று ஒரு சத்தம். அடுக்கான் தன் உடம்பைச் சக்கரங்களுக்கு நடுவில் தரைக்கு இறக்கியது. பழுது பார்ப்பதற்காக நாங்கள் வைத்த வசதி அது, முதுகுப் பெட்டி கழன்ற பிறகு எங்களால் இயக்க முடியாமல் போனது. தரையைத் தொட்டதும் மின்சாரம் தானாகத் துண்டாகிவிடும். துண்டானது.

பிறகு தலைமை அதிகாரி, "என்னய்யா, வாங்கிட்டீங்களா?" என்றார்.

"வாங்கிட்டேன் சார்."

வெடி உத்தரவை மதில் மேலேயே வைத்து ரத்து செய்து கையெழுத்துப் போட்டார். என் வேலைக்கு ஆபத்து ஒன்றுமில்லை. அடுக்கானை ஆறு மாதம் கண்காணிப்பில் வைக்கச் சொல்லியிருக்கிறார். அந்த மூன்று பேரும் இன்று மாலை மருத்துவமனையில் கால் வலிக்குக் கட்டுப் போட்டுக்கொண்டார்கள்.

தம்பி

*

ஜூன் 6

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், இனி எனக்குச் சந்தேகமில்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மாமாவோடு சண்டை போட்டேன். "நானாவது, வியாபார நேரத்துல உக்காருறதாவது! படத்துல தப்பா பாத்திருக்கான்" என்றேன். மாமா வாதாடவில்லை. அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. அவர் எதற்கும் வாதாடாமல் விடுகிற ஆளில்லை. மறுநாள் காலையிலிருந்து என்னை நானே காவல் காத்தேன். ஒரு அம்மா வந்தார். ஐந்து தொட்டியைப் புரட்டி, ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எடுத்துக்கொண்டு போனார். திரும்பினால் மாமா என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். குனிந்து பார்த்தேன். கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்திருக்கிறேன்.

அதிலிருந்து ஒன்றே ஒன்றை நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் எல்லாரும் அது வெறிபிடித்து ஓடியது என்றீர்கள். மூன்று மாதம் ஊரையே தூக்கி அடுக்கிக்கொண்டிருந்தது, சரி. அந்த மூன்று மாதத்தில் யாராவது அதனிடம் ஒரு சாமான் வாங்கினீர்களா? குழி தோண்டினீர்கள், வலை போட்டீர்கள், ஏய் என்று கூப்பிட்டீர்கள். ஒரு வியாபாரம்கூட முடியாமல் அது எப்படியடா உட்காரும்? பாவம், அதற்கு எவ்வளவு இடுப்பு வலித்திருக்கும்!

ஆறு மாதம் முடிந்ததும் அதை இங்கே கூட்டிக்கொண்டு வா. மாமா குடோன் வாசலை அகலப்படுத்த ஆள் பார்த்துவிட்டார். அது அடுக்கட்டும். நான் முன்னால் நின்று ஒன்றிரண்டு வாங்கிக்கொள்கிறேன். நீயும் வந்து இரண்டு நாள் இரு. அலமாரித் தட்டு அப்படியேதான் கிடக்கிறது. இந்தத் தடவை கேமரா வேண்டாம்.

உன் அக்கா